இஸ்திரிப் பெட்டிக்கு விழுந்த ஒரு ஓட்டு

செங்கமேட்டுப்புதூர்
10.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று நான் ஆட்டுப்பட்டிக்குள் ஒளிந்துகொண்டேன். ஐம்பத்து மூன்று வயது ஆள், உள்ளூர்ப் பத்திரிகையில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன், தனபால் அண்ணனின் புல்லட் சத்தம் வாசலில் கேட்டதும் கால் தானாக அங்கே போய்விட்டது. அவர் புவனாவிடம் மோர் வாங்கிக் குடித்துப் பேசி முடிக்கும் வரை மூக்கைப் பிடித்துக்கொண்டு குத்தவைத்திருந்தேன். ஒரு வெள்ளாடு என் வேட்டி நுனியை நிதானமாகத் தின்றது. அதட்டக்கூட முடியவில்லை.

நீயும் மச்சானும் நந்திதாவும் சுகம்தானே? இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலைமை. போன் பண்ணாமல் எழுதுகிறானே என்று நினைக்காதே. நான் ரகசியம் பேசினால் மூன்றாவது தோட்டத்துக்குக் கேட்கும். வாட்ஸப்பிலோ, புவனாவின் அண்ணனைப் பற்றி உனக்கு எழுதியது அவருக்கே போய்ச் சேர்ந்த கதை இன்னும் ஆறவில்லை. இந்தக் கடிதத்தையும் சோமனூர் போய்த்தான் தபாலில் போடுகிறேன்.

விஷயம் தேர்தல். தனபால் அண்ணனின் அக்கா மகன் கிருபாசங்கர் நம் தொகுதியில் சுயேச்சையாக நின்றான், சின்னம் இஸ்திரிப் பெட்டி. அவனுக்காக ‘நம் தொகுதி: ஒரு தேர்தல் சரித்திரம்’ என்று ஒரு புத்தகமே எழுதிக் கொடுத்தேன். முதல் எம்.பி. ஜீப்பில் வந்து நம்மூரில் கம்மங்கூழ் குடித்ததில் தொடங்கி, ரயில்வே மேம்பாலத்துக்கு எத்தனை பேர் அடிக்கல் நாட்டினார்கள் என்பது வரை எழுதி, ‘இந்தக் கசங்கிய சரித்திரத்தைத் தேய்த்து மடிக்க ஒரே வழி இஸ்திரிப் பெட்டி’ என்று முடித்திருந்தேன். படித்தவர்கள் கண்கலங்கினார்களாம்.

உன் பெயர் இன்னும் நம்மூர்ப் பட்டியலில் இருப்பதால், சித்திரையில் மகாராஷ்டிரத்திலிருந்து நீ ஓட்டுப் போட வந்திருந்தபோது, தனபால் அண்ணன் ஊரை மாரியம்மன் கோயிலில் கூட்டி விருந்து வைத்தாரே. “நம்ம பையனுங்க. ஒரு ஓட்டுகூடச் சிதறக் கூடாதுங்க” என்றார். “ஆகட்டுங்க” என்றது ஊர். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல நம்மூரில் யாருக்கு வாய் வரும்? ஒவ்வொருவராக எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தோம். நீயும் அணைத்தாய்.

ஓட்டு எண்ணினார்கள். நம் பூத்தில் பதிவானது எழுநூற்றுச் சொச்சம். இஸ்திரிப் பெட்டிக்கு விழுந்தது ஒன்று.

அந்த ஒன்று தனபால் அண்ணனுடையது என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை. அவர் ஒண்டிக்கட்டை, கிருபாவுக்கும் அவன் வீட்டாருக்கும் ஓட்டு கோயமுத்தூரில். மெஷின் முன்னால் நின்றபோது எனக்கு ஒரு யோசனை வந்தது: ஊரே போடப்போகிறது, நம் ஒரு ஓட்டு குறைந்தால் யாருக்குத் தெரியும்? அதே யோசனை எழுநூறு பேருக்கும் வந்திருக்கிறது அக்கா. நீ பூத்தை விட்டு வெளியே வரும்போது என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாய். நீயும் நம் கூட்டுத்தான் என்று அப்போதே புரிந்தது.

நேற்று அவர் புவனாவிடம் சொன்னது இது: “ஆனி அமாவாசைக்கு ஆனைமலை போறனுங்க அம்மணி. மாசாணியம்மனுக்கு மிளகா அரைச்சுப் பூசிப்போட்டு வாரேன். சத்தியத்தை முறிச்சவங்க ஒடம்பு எரியட்டும். அப்ப யாருன்னு தெரிஞ்சுபோகுமுங்க.” சிரித்துக்கொண்டே சொன்னாராம்.

பதில் எழுது. படித்ததும் கிழித்துப் போடு.

உன் தம்பி,
சென்னியப்பன்

இச்சல்கரஞ்சி
19.6.2024

பிரியமுள்ள தம்பி சென்னியப்பனுக்கு அக்கா பொன்னாத்தாளின் ஆசீர்வாதம்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. தறி ஓடுகிறது. உன் மச்சானுக்கு மூட்டுவலி, வழக்கம்போல. மற்றபடி குறைவில்லை.

ஆட்டுப்பட்டியை நினைத்து நந்திதா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து நாளாகியிருந்தது.

மிளகாய்க்கெல்லாம் பயப்படாதே கண்ணு. வேளைக்குச் சாப்பிடு, பொரித்ததைக் குறை. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது உன் வயதில்தான் என்பதை மறந்துவிடாதே.

ஒரு வேலையாக மிரஜ் வரை அடிக்கடி போய்வர வேண்டியிருக்கிறது. பதில் தாமதமானால் கோபித்துக்கொள்ளாதே.

அக்கா

செங்கமேட்டுப்புதூர்
8.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மூட்டுவலிக்காரருக்கும் சிரித்தவர்களுக்கும் என் வணக்கம். மிரஜில் நந்திதாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறாய், என்னிடம் மறைக்கிறாய். இருக்கட்டும்.

அரைத்துவிட்டார் அக்கா. அமாவாசையன்று வேனில் போனார்கள். சாட்சிக்கு டீக்கடை வெள்ளியங்கிரியையும் ஏற்றிக்கொண்டு போனார். அம்மன் சன்னிதியில் வரமிளகாயைத் தண்ணீர் விட்டு அரைத்து, நீதிக்கல்லில் ஒரு விரல் கனத்துக்குப் பூசினாராம். வெள்ளியங்கிரிக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் கண்ணில் தாரை தாரையாக நீர். “பக்திங்க” என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறான். பலன் மூன்று மாதத்துக்குள் தெரியும் என்கிறார்கள்.

அன்றிலிருந்து நம்மூரில் யாருக்கும் நோய் இல்லை.

புரிகிறதா? முதலில் படுக்கிறவன்தான் துரோகி. எழுநூறு பேரின் பாவத்தையும் அவன் தலையில் ஏற்றிவிட்டு மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்க ஊர் காத்துக்கொண்டிருக்கிறது. அதனால் ஒருவரும் தும்முவதில்லை. பூவாத்தாளுக்குப் பல்வலியில் கன்னம் வீங்கிக் கிடக்கிறது. கேட்டால் “பணியாரத்த ஒதுக்கி வெச்சிருக்கறனுங்க” என்கிறாள். மூன்று நாளாக அதே பணியாரம். வெள்ளியங்கிரி வண்டியிலிருந்து விழுந்து முழங்கால் பெயர்ந்துவிட்டது. “எறங்கிப் பார்த்தனுங்க, ரோடு எப்படிப் போட்டிருக்கறான்னு” என்று நொண்டிக்கொண்டே போனான். மருத்துவ வேன் வந்தது. டாக்டரம்மா காலையிலிருந்து மத்தியானம் வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்து, ஒரு ஆளும் வராமல், இப்படி ஆரோக்கியமான ஊரைப் பார்த்ததில்லை என்று பாராட்டிவிட்டுப் போனார்.

என் சரித்திரத்தில் எழுதாமல் விட்ட ஒன்றை இப்போது யோசிக்கிறேன். இத்தனை தேர்தலிலும் தனபால் அண்ணன் சொன்னபடிதான் ஊர் ஓட்டுப் போட்டது என்று தொகுதி முழுக்கப் பேச்சு. ஜெயித்த எம்.பி.க்கள் முதலில் அவர் வீட்டுக்குத்தான் மாலையோடு வருவார்கள். ஊர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று டீக்கடையில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, அந்தப் பக்கமே போடச் சொல்லி அவர் கட்டளை இடுவார். அவ்வளவுதான் அவர் செல்வாக்கு. இந்த ஒரு முறைதான் கேட்காமல் கட்டளையிட்டார்.

இதை வெளியே சொன்னால் எனக்குத் தனியாக ஒரு படி மிளகாய்.

தம்பி,
சென்னியப்பன்

செங்கமேட்டுப்புதூர்
12.8.2024

அக்காவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மாப்பிள்ளை வீட்டார் அவ்வளவு பெரிய இடமா?

நான் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் வரவில்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன், புவனாவுக்குக்கூடச் சொல்லவில்லை. போன வாரம் தென்னந்தோப்புக்கு ஏறும்போது நெஞ்சுக்கு நடுவில் பிடித்தது. எரிச்சல் அக்கா. மிளகாயை அரைத்து உள்பக்கமாகப் பூசினது போல. வரப்பில் உட்கார்ந்தேன், சற்று நேரத்தில் போய்விட்டது. அந்த வழியாக வந்த வெள்ளியங்கிரி, “ஏனுங்க, வேர்த்துக்கொட்டுது?” என்றான். “வெயிலுங்க” என்றேன். வானம் மூடிக் கிடந்தது. அவன் மேலே பார்த்தான், என்னைப் பார்த்தான், டீக்கடையைப் பார்த்து நடந்தான். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜீரண மாத்திரைகூட வாங்க முடியாது. மருந்துக்கடைக்காரர் தனபால் அண்ணனின் பங்காளி. சுக்கைத் தட்டி ஆட்டுப்பட்டிக்குள் வைத்து மென்றுகொண்டிருக்கிறேன். ஆடுகள் என்னைப் புரிந்துகொண்டுவிட்டன.

சீக்கிரம் எழுது அக்கா.

சென்னியப்பன்

இச்சல்கரஞ்சி
24.8.2024

மாமாவுக்கு வணக்கம். நந்திதா எழுதுகிறேன். அம்மாவுக்கு வலது கை சுளுக்கிவிட்டது, அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்.

தம்பி, அது மிளகாய் இல்லை. மேட்டில் ஏறினால் பிடிப்பதும் உட்கார்ந்தால் விடுவதும் என்ன என்று நம் இருவருக்கும் தெரியும். அப்பா கிணற்று மேட்டில் உட்கார்ந்தாரே, எழுந்திருக்கவில்லையே. கோயமுத்தூர் போய் நெஞ்சு டாக்டரைப் பார். ஊருக்குத் தெரிந்தால் தெரியட்டும். அரைத்த மிளகாய் யாரையும் ஒன்றும் செய்யாது. எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

புவனாவிடம் சொல்லிவிடு.

(மாமா, அம்மா இன்னும் ஏதோ சொல்ல வந்தார், வேண்டாம் என்று விட்டுவிட்டார். நீங்கள் டாக்டரிடம் போங்கள். — நந்திதா)

செங்கமேட்டுப்புதூர்
2.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுளுக்குக்கு நொச்சி இலை ஒத்தடம் கொடு. மாப்பிள்ளை வீட்டுக்குப் பலகாரம் சுட்டே கை சுளுக்கியிருக்கும்.

உனக்கு நிச்சயமாகத் தெரியும் என்கிறாயே, எப்படித் தெரியும்? அதைச் சொல்லவில்லையே. சும்மா தைரியம் சொல்கிறாய். சிறுவயதில் ஊசி போட அழைத்துப் போகும்போதும் வலிக்காது என்றுதான் சொன்னாய்.

இப்போது வீட்டு வாசற்படி ஏறினாலே பிடிக்கிறது. எரிச்சல் இடது தோளுக்குப் போய், முழங்கையில் நின்று, சுண்டுவிரலில் முடிகிறது. நேற்று டீக்கடையில் தனபால் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “சென்னீப்பா, கருத்துப்போயிட்டியே. ஒடம்புக்கு ஏதாச்சுமா?” என்றார். கடையே என் பக்கம் திரும்பியது அக்கா. டீ ஆற்றுகிற சத்தம்கூட நின்றுபோனது. “புதுப் புத்தகம் எழுதறனுங்கண்ணா, தூக்கமில்லீங்க” என்றேன். “எதப் பத்தி?” என்றார். “தொகுதி மறுசீரமைப்புங்க” என்றேன். வாயில் வந்தது அதுதான். அவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். அவர் முகமும் வெளிறித்தான் இருந்தது, கோபமாக இருக்கும்.

இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆளுக்கு ஒரு பயம். அந்தப் பயத்தை இறக்கி வைக்க ஒரு முதுகு தேடுகிறார்கள். என் முதுகு தயாராகிவிட்டது என்று தோன்றுகிறது.

நான் போகமாட்டேன் அக்கா. ஆஸ்பத்திரிக்குப் போனால் அடுத்த பஸ்ஸில் செய்தி ஊருக்கு வந்துவிடும். பலன் தெரிகிற கெடு முடியட்டும். அது வரை பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

சென்னியப்பன்

செங்கமேட்டுப்புதூர்
11.9.2024

நங்கையாளுக்கு உங்கள் தம்பி சம்சாரம் புவனா வணக்கத்துடன் எழுதுவது. அண்ணனும் நந்திதாவும் நலமா? போனில் பேசலாம் என்றால் அவர் பக்கத்தை விட்டு நகருவதில்லை. அவர் குளிக்கப் போன நேரத்தில் எழுதுகிறேன்.

உங்கள் கடிதங்களை மாட்டுத் தீவனப் பையில் ஒளித்து வைத்திருந்தார். எடுத்துப் படித்துவிட்டேன். முந்தாநாள் விடியற்காலையில் சட்டை நனைகிற மாதிரி வேர்த்து, வாசற்படியில் உட்கார்ந்து, “கதவைச் சாத்து, யாரும் பார்க்கக் கூடாது” என்கிறார். உயிர் போகிற நேரத்தில் கதவைச் சாத்தச் சொல்கிற மனுஷரை நான் என்ன செய்வேன்? கையைப் பிடித்து இழுத்தேன், அழுதேன், ஒன்றும் நடக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் சொன்னால்தான் கேட்பார். எப்படியாவது சொல்லுங்கள்.

புவனா

இச்சல்கரஞ்சி
18.9.2024

தம்பிக்கு,

இதை நானே எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

போனில் பேசினால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் இத்தனை நாள் பேசவில்லை. மிரஜில் மாப்பிள்ளை யாரும் இல்லை. அங்கே ஆஸ்பத்திரி. மார்பில் கட்டி. ஆடியில் ஆபரேஷன் செய்து வலது பக்கத்தை எடுத்துவிட்டார்கள். கையைத் தூக்க முடியாமல் இருந்தது, அதனால்தான் நந்திதா எழுதினாள். இப்போது மருந்து ஏற்றுகிறார்கள். தலைமுடி போய்விட்டது. டாக்டர் நல்ல வார்த்தைதான் சொல்கிறார்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்றிருந்தேன். பயந்துபோய் இன்னும் ஒளிந்துகொள்வாய் என்று தெரியும். ஆனால் நான் ஆஸ்பத்திரிக்குப் போனதால்தான் இதை எழுத உயிரோடு இருக்கிறேன். நீயும் போ. புவனாவை அழைத்துக்கொண்டு இன்றே போ.

அக்கா

செங்கமேட்டுப்புதூர்
25.9.2024

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. மாப்பிள்ளை, பலகாரம் என்று எழுதினேனே, அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது. புவனா அழுதுகொண்டே இருக்கிறாள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. ஆடியிலா? ஆனி அமாவாசைக்கு அரைத்தார், ஆடியில் உனக்கு ஆபரேஷன். இங்கிருந்து மகாராஷ்டிரம் வரைக்கும் தேடிக்கொண்டு வந்திருக்கிறதே அக்கா! நீயும் கற்பூரம் அணைத்தாய், நீயும் என்னைப் போல மாற்றிப் போட்டாய். முதலில் உன்னிடம் வந்தது, இப்போது என்னிடம். இதில் டாக்டர் என்ன செய்வார்? தனபால் அண்ணன் காலில் விழுந்து, நம் இருவருக்காகவும் மன்னிப்புக் கேட்டு, ஆனைமலைக்கு அவரையே கூட்டிப்போய் அம்மனைக் குளிர்விக்கச் சொல்லலாம் என்று இருக்கிறேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன், படி ஏற முடிந்தால்.

சென்னியப்பன்

இச்சல்கரஞ்சி
1.10.2024

முட்டாள் தம்பிக்கு,

யார் காலிலும் விழாதே. கூரியரில் அனுப்புகிறேன், நின்ற இடத்திலேயே படி.

கட்டி சித்திரையிலேயே இருந்தது. ஓட்டுப் போட ஊருக்கு வந்தபோதே தெரியும். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது, யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த தேர்தலுக்கு நான் இருப்பேனோ மாட்டேனோ என்றுதான் அவ்வளவு தூரம் ரயிலேறி வந்தேன். கோயில் விருந்தில் கை வைக்காமல் இருந்தேனே, ரயில் அலுப்பு என்று நீ நினைத்தாய். சத்தியம் செய்வதற்கு முன்னாலேயே, மிளகாய்க்குப் பல நாள் முன்னாலேயே வந்த நோய் இது. இதில் மாசாணி என்ன செய்தாள்? அவளைப் பழி சொல்லாதே.

நீயும் அப்பாவைப் போல உட்கார்ந்த இடத்தில் போனால், மொட்டைத் தலையோடு நான் வந்து உன்னைத் தூக்கிப்போட வேண்டும். அந்த வேலையை எனக்கு வைக்காதே கண்ணு.

அக்கா

கோயமுத்தூர், ஆஸ்பத்திரி
12.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு வாசலிலேயே அழுதேன். புவனா உடனே காருக்குச் சொல்லிவிட்டாள். ஊர் பார்க்கட்டும் என்று கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் வந்தேன். டீக்கடையில் எழுந்து நின்றே பார்த்தார்கள். முதல் துரோகி கிடைத்துவிட்டான். இந்நேரம் பூவாத்தாள் பணியாரத்தைத் துப்பிவிட்டுப் பல் டாக்டரிடம் போயிருப்பாள்.

ரத்தக்குழாயில் அடைப்பாம். ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் வீட்டுக்குத் துணியில் சுற்றித்தான் அனுப்பியிருப்போம் என்றார் டாக்டர். எரிச்சல் இல்லை அக்கா. நெஞ்சு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை.

நாளைக்கு வீட்டுக்கு. நீ எப்படி இருக்கிறாய்? மருந்து எத்தனை முறை பாக்கி? நடக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் ரயிலேறி வருகிறேன், உன் மொட்டையைப் பார்க்க.

ஒரு சங்கதி மட்டும் எனக்குப் புரியவில்லை. வந்த அன்று ஸ்கேன் எடுக்க வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் ஒருவர் தலையோடு மப்ளர், முகத்துக்கு மாஸ்க், அந்த வேக்காட்டிலும். டோக்கனைப் பார்க்கக் கண்ணாடியைத் தேடினார். விரல் மோதிரம் தெரிந்த மோதிரம். “ஏனுங்ண்ணா, நீங்களா?” என்றேன். என் குரல்தான் தெரியுமே, ஹாலே திரும்பியது. தனபால் அண்ணன் என் வாயைப் பொத்தாத குறை.

“மெதுவா பேசு சாமி. ரண்டு மாசமா நெஞ்செல்லாம் எரியுது. ஊர்ல யாருகிட்டயும் சொல்லிப்போடாத.”

“நீங்க எதுக்குங்ண்ணா பயப்படோணும்? மிளகா அரைச்சவரே நீங்கதானுங்க. அந்த ஒரு ஓட்டும் உங்களுதுதானுங்க.”

அவர் டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆமாமா, என்னுதுதான்” என்றார். மப்ளரை இன்னும் இறுக்கிக்கொண்டார் அக்கா. “ஆனா அம்மனுக்கு எண்ணெய்க் காப்புப் போட்டுக் குளிர வெச்சுப்போடலாமுன்னு இருக்கறன். நீயும் வர்றியா?” என்று கேட்டார். “ஆகட்டுங்கண்ணா” என்று சொல்லிவைத்தேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றிய ஒரே மனிதர். அவர் ஏன் நம்மைவிட அதிகமாகப் பயப்படுகிறார்? உனக்கு ஏதாவது தோன்றுகிறதா?

ஸ்டென்ட் வைத்த தம்பி,
சென்னியப்பன்

இச்சல்கரஞ்சி
20.10.2024

என் ராசா சென்னியப்பனுக்கு,

உன் கடிதத்தை மச்சான் சத்தமாகப் படித்தார். பாதியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார், மீதியை நந்திதா படித்தாள். புவனாவுக்கு நான் எத்தனை கும்பிடு போட்டாலும் தகும். எனக்கு இன்னும் இரண்டு முறை மருந்து பாக்கி. நேற்று தோசை இரண்டு இறங்கியது.

தனபால் அண்ணனைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவரிடம் ஒன்றும் கேட்காதே, பாவம். எண்ணெய்க் காப்புக்குக் கூப்பிட்டால் கூடப் போய்விட்டு வா.

அன்று பூத்திலிருந்து வெளியே வரும்போது உன்னைப் பார்த்துச் சிரித்தேனே, அது நீ நினைத்த சிரிப்பு இல்லை. நோயை மடியில் கட்டிக்கொண்டு சாமி சத்தியத்தை முறிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் இஸ்திரிப் பெட்டிக்குத்தான் போட்டேன்.

அக்கா,
பொன்னாத்தாள்